கட்டுப் போடுகிறவனையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஆணையங்களுக்கும், உலகப் பட்டங்களைக் கையில் வைத்திருக்கும் நான்கு அமைப்புகளுக்கும்,

ஒரு வீரனின் உடல்நிலையைப் பற்றி எச்சரித்து நான் எழுதிய கடிதத்துக்கு, உங்களில் ஓர் ஆணையம் போன வாரம் எனக்கு மூன்று வரியில் பதில் அனுப்பியது. மருத்துவச் சான்றுகள் முறையாக உள்ளன. உரிமம் புதுப்பிக்கப்பட்டது. மூன்றாம் தரப்பினரின் கருத்துகளைப் பரிசீலிக்க விதிகளில் இடமில்லை. கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. எந்த ஆணையம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் எல்லாரும் "நமக்கில்லை" என்று இந்த மடலை மூடி வைத்துவிடுவீர்கள்.

அந்த மூன்றாம் தரப்பு நான்தான். 16 வருடமாக அந்தப் பையனின் கைக்குக் கட்டுப் போடுகிறவன். பையன் என்பது பழக்கத்தில் வருகிறது; அவனுக்கு 37 வயது. இந்த மடலை அவனிடம் வாசித்துக் காட்டினேன். "பேர் மட்டும் போடாதீங்க மாஸ்டர்" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. அதனால் பெயர் இல்லை.

கட்டுப் போடுவது என்றால் என்னவென்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பலருக்கு டேப்பின் மேல் உங்கள் ஆய்வாளர் போடும் கிறுக்கல் கையெழுத்து மட்டும்தான் தெரியும். ஒரு கைக்குப் பத்து நிமிஷம். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அதன் சாய்மானத்தின் மேல் கையை நீட்டி, விரல்களை அகல விரித்து வைத்துக்கொள்வான். மணிக்கட்டில் தொடங்கி, புறங்கையில் ஏற்றி, முட்டிகளின் மேல் துணியை மெத்தையாக மடித்து வைத்து, விரலிடுக்குகளில் டேப்பைத் திரித்து விட்டுக் கட்டுவேன். அந்த இருபது நிமிஷமும் நாங்கள் பேசிக்கொள்வது குறைவு. அவன் கை கல் மாதிரி இருக்கும். எதிரி யாராக இருந்தாலும், அரங்கில் எத்தனை ஆயிரம் பேர் கத்தினாலும் அந்தக் கை அசைந்து நான் பார்த்ததில்லை.

போன வருடம் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே டேப்பை விடும்போது விரல் நடுங்கியது. "குளுருதா?" என்றேன். "என்ன மாஸ்டர்?" என்றான். விரல் நடுங்குவதே அவனுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே மூன்றாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன், கொப்பளித்தான், வாளியைக் காட்டினேன், துப்பினான். என் ஷூவின் மேல் விழுந்தது. வாளி வழக்கமான இடத்தில்தான், அவன் வலது முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. 16 வருடமாகப் பார்க்காமலே அதில் துப்புகிறவன். துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். ஷூவில் விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை. ஐந்தாவது ரவுண்டில் நானே துண்டை எறிந்து சண்டையை நிறுத்தினேன். அரங்கில் இருந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். புள்ளிக் கணக்கில் அவன் ரொம்பப் பின்தங்கியும் இருக்கவில்லை.

இந்த இரண்டையும், இன்னும் சிலவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதித்தான் அனுப்பினேன். சாயங்காலத்துக்கு மேல் பேச்சில் 'ழ'வும் 'ள'வும் ஒன்றாகிவிடுவதை எழுதினேன். ஒரே கதையை ஒரே நாளில் மூன்று முறை போன் போட்டுச் சொல்வதை எழுதினேன். அவற்றையெல்லாம் நீங்கள் 'கருத்து' என்கிறீர்கள். அப்புறம் அவன் கொடுத்த சான்றுகளைப் பாருங்கள். இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, இதயத்துக்கு ஒரு தாள், தலைக்கு ஒரு எம்ஆர்ஐ. எல்லாம் முறையாகத்தான் இருக்கின்றன. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்றால் அதில் இரத்தக் கசிவோ கட்டியோ இல்லை என்று பொருள். வருடக்கணக்கில் வாங்கிய குத்துகளால் மூளைக்குள் மெதுவாக வளரும் சேதத்தை உயிரோடு இருக்கும் ஆளிடம் உறுதியாகக் கண்டுபிடிக்க இன்றைக்கு வழி இல்லை. இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்துத்தான் முடிவாகச் சொல்கிறார்கள். இது உங்கள் மருத்துவர்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

1928இல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தப் பாதிப்பைப் பற்றி முதன்முதலாக ஒரு மருத்துவ இதழில் எழுதினார். கட்டுரைக்கு அவர் வைத்த பெயரே 'பஞ்ச் ட்ரங்க்'. குத்து வாங்கி வாங்கிக் குடித்தவனைப் போல ஆகிவிட்டவன் என்று அர்த்தம். அது அவர் கண்டுபிடித்த சொல் இல்லை. சண்டை பார்க்க வருகிறவர்களும் புரொமோட்டர்களும் ரொம்ப நாளாகவே கவனித்து, தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்த சொல். அதை அவரே கட்டுரையின் தொடக்கத்தில் சொல்லிவிடுகிறார். மருத்துவம் இந்த நோயின் பெயரையே ரிங் ஓரத்து ஆட்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது. கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து அந்த ஆட்கள் 'மூன்றாம் தரப்பு'.

சரி, இந்தப் பையன் எப்படி இந்த இடத்துக்கு வந்தான் என்பதையும் கேளுங்கள். 21 வயதில் தொழில்முறைக்கு வந்தான். முதல் ஒன்பது சண்டையும் வெற்றி. எல்லாம் நாலு ரவுண்டு, ஆறு ரவுண்டு. எதிரிகளை மேனேஜரும் புரொமோட்டரும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்கள். புதுப் பையனின் கணக்கில் தோல்வி விழாமல் வளர்ப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். அந்த ஒன்பது பேரும் யார் என்று அப்போது அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பத்தாவது சண்டை வேற்றூரில், அந்த ஊர்க்காரனோடு. புள்ளியில் தோற்றான். பன்னிரண்டாவதில் நாக்அவுட். மேனேஜர் போனை எடுப்பதை நிறுத்தினார். அதற்கப்புறம் வேறு மாதிரி அழைப்புகள் வரத் தொடங்கின. "அஞ்சு நாள்ல ஒரு சண்டை இருக்கு, எட்டு ரவுண்டு, எடை ஒத்துவருமா?" அப்போதுதான் புரிந்தது, அந்த ஒன்பது பேரில் ஒருவனாக இவன் ஆகிவிட்டான் என்று.

இந்த வேலையை நான் கேவலமாக நினைக்கவில்லை. இங்கிலாந்தில் பீட்டர் பக்லி என்று ஒருவர் 300 சண்டை போட்டார். அதில் 256 தோல்வி. 2008இல் முன்னூறாவது சண்டையில் ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார். அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் தற்காப்பு அத்துப்படியாக இருக்க வேண்டும்: எப்போது கட்டிப்பிடிப்பது, எப்போது கயிற்றில் சாய்வது, குத்தைத் தோளில் வாங்கி எப்படி வழுக்கிவிடுவது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அடி வாங்காமல் தோற்பதும் ஒரு கைத்தொழில். என் பையனுக்கு அது வரவில்லை. அவன் முன்னால் போகிறவன். கூட்டத்துக்குப் பிடிக்கும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

இன்றைய கணக்கு 43 சண்டை: 19 வெற்றி, 23 தோல்வி, ஒரு டிரா. மொத்தம் 231 ரவுண்டு. உங்களிடம் இருப்பது இந்தக் கணக்கு மட்டும்தான். ஜிம்மில் நடப்பது உங்கள் ஏட்டில் ஏறுவதே இல்லை. ஒரு சண்டைக்கு ஒழுங்காகத் தயாரானால் ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஆறு ரவுண்டு ஸ்பாரிங், அதாவது ஜிம்மில் பயிற்சிக்காகப் போடும் சண்டை. 108 ரவுண்டு. ஐந்து நாள் அவகாசத்தில் போன சண்டைகளைக் கழித்துவிட்டு, முழுத் தயாரிப்போடு போனவை 20 என்று வைத்துக்கொண்டாலும் 2,160 ரவுண்டு. தலைக்கவசம் முகத்தைக் கிழியாமல் காக்கும்; உள்ளே மூளை ஆடுவதை நிறுத்தாது. அந்த ரவுண்டுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் யார்? ஜிம்மில் இருக்கிற நாங்கள்தான்.

கடைசி ஐந்து சண்டையும் தோல்வி. அதில் மூன்று பாதியில் நிறுத்தப்பட்டவை. ஒன்றில் ஆறாவது ரவுண்டில் விழுந்தான். அங்கிருந்த ஆணையம் 60 நாள் மருத்துவத் தடை போட்டது. சரியான முடிவு. 41ஆம் நாள் எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னோர் ஆணையத்தின் கீழ் அவன் ரிங்கில் ஏறினான். அவர்கள் தடையைப் பற்றிக் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. அன்றைக்குக் கார்னரில், ரிங்கின் மூலையில் அவனுக்குத் துணையாக, நின்றதும் நான்தான். கட்டுப் போட்டதும் நான்தான். அவனுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. எனக்கும் பத்து சதவீதம் வரவேண்டியிருந்தது. இதைச் சொல்லாமல் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஒரு கதவு மூடினால் அடுத்த கதவு திறக்கும் என்பது பேர் இல்லாத ஆட்களுக்கு மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைக்காதீர்கள். முன்னாள் உலக ஹெவிவெயிட் சாம்பியன் எவாண்டர் ஹோலிஃபீல்டுக்கு 'திறமை குன்றிவிட்டது' என்று சொல்லி 2005இல் நியூயார்க் ஆணையம் தடை போட்டது. 2006இல் டெக்சாஸில் சண்டை போட்டார். 2021இல், 58 வயதில், கலிஃபோர்னியா அனுமதி மறுத்த பிறகு ஃப்ளோரிடாவில் ரிங்கில் ஏற்றினார்கள். முதல் ரவுண்டிலேயே முடிந்தது. உலகமே முகம் தெரிந்து வைத்திருக்கிற ஆளுக்கு, ஒரே நாட்டுக்குள் இப்படி. யாருக்கும் தெரியாத என் பையனை எல்லை தாண்டி யார் தேடப் போகிறார்கள்?

கார்னரிலிருந்து போன கடிதங்களுக்கு என்ன மரியாதை என்பதற்கு முகமது அலியைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. 1977இல் எர்னி ஷேவர்ஸோடு 15 ரவுண்டு முடித்த பிறகு, அலியின் சிறுநீரகங்கள் கெட்டுவருவதைக் காட்டும் பரிசோதனை முடிவு அவருடைய கார்னர் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோவின் கைக்கு வந்தது. நிறுத்திவிடச் சொல்லி அலிக்கும் அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கும் எழுதினார். பதிலே இல்லை. பச்சேகோ விலகிக்கொண்டார். அலி அப்புறம் நாலு சண்டை போட்டார். 1980இல் லாரி ஹோம்ஸோடு மோதுவதற்கு முன் பெயர்பெற்ற மருத்துவமனையில் பரிசோதித்தார்கள். ஒற்றைக் காலில் துள்ளச் சொன்னபோது எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, விரலால் மூக்கைத் தொடச் சொன்னபோது சற்றுத் தவறியது என்றெல்லாம் அறிக்கையில் இருந்தது. இருந்தும் லைசென்ஸ் கிடைத்தது. பத்து ரவுண்டு அடி வாங்கினார். அவருடைய டிரெய்னர் ஆஞ்சலோ டண்டி நிறுத்தினார். மறு வருடம் டிசம்பரில், அமெரிக்காவுக்கு வெளியே, பஹாமாஸில் இன்னும் ஒரு பத்து ரவுண்டு. 1984இல் பார்க்கின்சன் என்றார்கள். அலிக்கு வந்தது குத்துகளால் மட்டும்தானா என்று மருத்துவர்கள் வாதிடட்டும். நான் கேட்பது பச்சேகோ எழுதிய கடிதத்தைப் பற்றி.

சண்டை நடக்கும் ராத்திரியில் கார்னருக்கு அதிகாரம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1975இல் மணிலாவில் 14ஆவது ரவுண்டு முடிந்ததும் டிரெய்னர் எடி ஃபட்ச், அலியோடு மோதிக்கொண்டிருந்த தன் வீரர் ஜோ ஃப்ரேசியரை ஸ்டூலை விட்டு எழவிடவில்லை. ஃப்ரேசியருக்குக் கோபம், ஆனால் நிறுத்தியது நின்றது. 2019 ஜூலையில் ரஷ்ய வீரன் மக்ஸிம் தாதாஷேவின் டிரெய்னர் பட்டி மெக்கிர்ட் 11ஆவது ரவுண்டுக்குப் பிறகு அவனிடம் கெஞ்சினார், அவன் வேண்டாம் என்று தலையாட்டியும் சண்டையை நிறுத்தினார். நாலு நாளில் தாதாஷேவ் இறந்துபோனான். மெக்கிர்ட் செய்ததில் ஒரு குறையும் இல்லை. அந்த ராத்திரிக்கு முன்னால் நிறுத்தும் அதிகாரம்தான் எங்களில் யாரிடமும் இல்லை. மணி அடித்த பிறகு என் துண்டுக்கு மதிப்பு உண்டு. மணி அடிக்கும் முன்பு நான் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு இல்லை. இது என்ன ஏற்பாடு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நாக்அவுட்டையே அளவுகோலாக வைத்திருப்பதும் தப்பு. 2025 ஆகஸ்ட்டில் ஜப்பானில் ஒரே இரவில், ஒரே அரங்கில் சண்டை போட்ட இரண்டு பேர் மூளையில் இரத்தம் கட்டி, அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பிழைக்காமல் போனார்கள். இருவருக்கும் 28 வயது. உராகாவா எட்டாவது ரவுண்டில் நிறுத்தப்பட்டார். கோதாரி 12 ரவுண்டும் நின்று முடித்தார், டிரா. விழாமல் நின்று முடித்த ஆளுக்கு நாக்அவுட்டுக்கான தடைக் கணக்கு பொருந்தாது. நின்று முடிப்பவன்தான் அதிகக் குத்து வாங்குகிறான் என்பது கார்னரில் ஐஸ் பை பிடித்தவனுக்குத் தெரியும்.

எடையைப் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கிக்கொள்கிறேன். முந்தின நாள் எடை பார்ப்பதால், தண்ணீர் குடிக்காமல் நீராவி அறையில் உட்கார்ந்து உடம்பை வற்றவைத்துவிட்டு, ஒரே ராத்திரியில் திரும்ப ஏற்றுகிறார்கள். உங்கள் நான்கு அமைப்புகளில் ஒன்று, ஐபிஎஃப், மறுநாள் காலையும் எடை பார்த்து, வரம்புக்கு மேல் பத்து பவுண்டு தாண்டக் கூடாது என்று விதி வைத்திருந்தது. மற்ற மூன்றும் ஏன் அதையே செய்யவில்லை என்பதற்கு நான் இதுவரை ஒரு நல்ல காரணம் கேட்டதில்லை.

உங்களால் மாற முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1982 நவம்பரில் லாஸ் வேகஸில் ரே மான்சினியோடு 14ஆவது ரவுண்டில் விழுந்த கொரியாவின் கிம் டுக்-கூ சில நாளில் இறந்தார். அடுத்த வருடமே, உங்கள் நான்கு அமைப்புகளில் இன்னொன்றான டபிள்யூபிசி, பட்டச் சண்டைகளை 15 ரவுண்டிலிருந்து 12 ஆகக் குறைத்தது. மற்றவர்களும் 1988க்குள் வழிக்கு வந்தார்கள். 1991 செப்டம்பரில் லண்டனில் கிறிஸ் யூபாங்கோடு சண்டை போட்டு மைக்கேல் வாட்சன் சரிந்தபோது, ரிங் ஓரத்தில் மூச்சு மீட்கும் ஏற்பாடு இல்லை. 40 நாள் கோமா. பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் தனக்குச் சட்டப்படி அப்படியொரு கடமை இல்லை என்று வாதாடியது. கடமை உண்டு என்று 1999இல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2000 முடிவில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. இருந்தும் 2013 நவம்பரில் நியூயார்க்கில் பத்து ரவுண்டு முடித்து, முகத்தில் தையல் போட்டுக்கொண்டு, மாகொமெட் அப்துசலாமோவ் ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி பிடித்துப் போனார். மூளையில் இரத்தம் கட்டியிருந்த ஆள், டாக்ஸியில்! வழக்கு முடிந்தபோது நியூயார்க் மாநிலம் 2.2 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்த டாக்ஸியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஒவ்வொரு முறையும் ஒருவன் விழுந்த பிறகுதான் விதி வருகிறது. இந்த முறை ஒருவன் நின்றுகொண்டிருக்கும்போதே கேட்கிறேன்.

"அவன் வளர்ந்த ஆள், தெரிந்துதான் கையெழுத்துப் போடுகிறான், அவன் பிழைப்பில் நீ ஏன் மண்ணைப் போடுகிறாய்?" என்று ஆணையத்தில் ஒருவர் போனில் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ராத்திரி நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் தன் விரல் நடுங்குவது தெரியாதவன், தனக்கு ஆபத்து எவ்வளவு என்று தெரிந்து கையெழுத்துப் போடுகிறான் என்று எப்படி நம்புவது? அவனுக்குப் பாதிப்பு இருக்கிறதா என்பதைச் சொல்ல வேண்டிய மூளையிலேயேதான் பாதிப்பு. பிழைப்பைப் பற்றிக் கேட்டால், அந்தப் பிழைப்பையும் பாருங்கள். பல இடங்களில் மேனேஜர் மூன்றில் ஒரு பங்கு வரை எடுக்கலாம். டிரெய்னருக்குப் பத்து சதவீதம். பட்டச் சண்டை என்றால் பட்டத்தைக் கொடுக்கும் பெல்ட் அமைப்புக்குப் பொதுவாக மூன்று சதவீதம். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் அவன் செலவு. மிச்சத்தை வைத்துக்கொண்டு 37 வயதில் ஓய்வு பெறு என்றால் எங்கே போவான்? நான் அவனைத் தடுக்கச் சொல்வதோடு நிறுத்தினால் அது பாதி யோக்கியம்தான்.

ஆகவே என் கோரிக்கைகளைப் பச்சையாகவே எழுதிவிடுகிறேன்.

லைசென்ஸ் பெற்ற டிரெய்னரோ, கார்னர் ஆளோ, ஜிம் நடத்துகிறவரோ ஒரு வீரனைப் பற்றி எழுத்தில் எச்சரித்தால், தனிப்பட்ட நரம்பியல் மருத்துவர் ஒருவர் நேரில் பரிசோதிக்கும்வரை அவன் லைசென்ஸ் நிற்க வேண்டும். எழுதியவருக்குக் காரணத்தோடு பதில் போக வேண்டும். பொய்யாக எழுதிப் பழிவாங்குகிறவன் மீது நடவடிக்கை எடுங்கள், அதற்கு முதல் ஆளாக நான் சம்மதிக்கிறேன். எழுதினான் என்பதற்காக ஒரு கார்னர் ஆளை எந்தப் புரொமோட்டரும் ஒதுக்கி வைக்கக் கூடாது.

முதல் சண்டைக்கு முன்பே ஒவ்வொரு வீரனுக்கும் நினைவாற்றல், அனிச்சை வேகம், கால் சமநிலை, பேச்சு ஆகியவற்றைச் சோதித்துப் பதிவு செய்து வையுங்கள். வருடா வருடம் அதோடு ஒப்பிடுங்கள். ஊர் சராசரியோடு ஒப்பிட்டால் என் பையன் தேறிவிடுவான். 21 வயதில் இருந்த அவனோடு ஒப்பிட்டால் தேறமாட்டான். பேச்சைப் பதிவு செய்வதற்கு ஒரு போன் போதும்.

எல்லா நாட்டு ஆணையங்களுக்கும் சேர்த்து ஒரே மருத்துவக் கையேடு வேண்டும். தடை, ஸ்கேன், நிறுத்தப்பட்ட சண்டைகள், சொல்லப்பட்ட ஸ்பாரிங் காயங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வருகிறவனை எடை மேடையிலேயே ஏற்றக் கூடாது. வெற்றி தோல்விக் கணக்கை உலகத்துக்கே காட்டும் இணையப் பட்டியல் இருக்கிறது. எந்த ஊரில் எந்த ரவுண்டில் விழுந்தான் என்று ஒரு ரசிகனால் அரை நிமிஷத்தில் பார்க்க முடிகிறது. தடையைப் பார்க்க உங்களால் முடியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

தொடர்ந்து மூன்று தோல்வி பாதியில் நின்றவை என்றாலோ, தொடர்ந்து ஐந்து தோல்வி என்றாலோ, லைசென்ஸ் தானாகப் புதுப்பிக்கப்படக் கூடாது. வீரனையும் அவன் கார்னரையும் உட்காரவைத்து நேரில் விசாரியுங்கள்.

பெல்ட் அமைப்புகளுக்கு: நீங்கள் எடுக்கும் மூன்று சதவீதத்தில் ஒரு பகுதியை, பட்டச் சண்டையை எட்டியே பார்க்காத வீரர்களின் பிற்கால நரம்பியல் சிகிச்சைக்கு ஒதுக்குங்கள். உங்கள் பட்ட வீரர்கள் எல்லாரும் இவர்கள் மேல் ஏறித்தான் மேலே வந்தார்கள். ஆணையங்களுக்கு: கலிஃபோர்னியாவில் 1982 முதல் டிக்கெட்டிலிருந்து ஒரு சிறு தொகையைப் பிடித்து, தகுதி பெற்ற வீரர்களுக்கு 50 வயதுக்கு மேல் ஓய்வூதியம் கொடுக்கிறார்கள். அதே மாதிரி ஒன்றை உங்கள் எல்லைக்குள் தொடங்குங்கள். ஓய்வு பெறுகிறவனுக்குக் கார்னர் லைசென்ஸும் நடுவர் பயிற்சியும் கட்டணமில்லாமல் கொடுங்கள். என் பையனுக்குக் கட்டுப் போடத் தெரியும். நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். என் பக்கத்தில் வந்து நிற்க அவனுக்கு இடம் இருக்கிறது.

கடைசியாக, பதில் அனுப்பிய அந்த ஆணையத்துக்கு மட்டும். நீங்கள் புதுப்பித்த லைசென்ஸில் அவனுக்கு எட்டு ரவுண்டு சண்டை ஒன்று ஒப்பந்தமாகியிருக்கிறது. எதிராளிக்கு 23 வயது, ஒன்பது சண்டை, ஒன்பது வெற்றி. என் பையனுக்குக் கட்டுப் போட நான் போகப் போவதில்லை. அதை அவனிடம் சொல்லிவிட்டேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவன் லைசென்ஸை நிறுத்திவைத்து, நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். செலவை நான் ஏற்கிறேன். மருத்துவர் சரி என்றால் இந்த மடலுக்காக அவனிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வாளியோடு வந்து நிற்கிறேன்.

சண்டைக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. பதினைந்து நாளுக்குள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கார்னர்காரன்